கென்ரக்கிக் குகையும் சொல்லால் எழுந்த விளையாட்டும்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே, கென்ரக்கி என்னும் மாநிலத்திலே, மமத் குகை என்றொரு குகை உண்டு. காடு மூடிய குன்றுகளின் அடியில், நீர் அரித்த சுண்ணக்கல்லினூடே, அது கிளை கிளையாகப் பிரிந்து செல்கின்றது. இற்றைவரை அளந்து படத்திற் குறிக்கப்பட்ட பாதைகளின் நீளம் மட்டும் 420 மைலுக்கு மேற்படும். உலகில் அறியப்பட்ட குகைகளுள் இதுவே மிக நீண்டது. இன்று உலகெங்கும் ஆடப்படும் கணினி விளையாட்டுகளுள் ஒரு பெரும் பிரிவு இக்குகையின் ஒரு மூலையிலே பிறந்தது என்றாற் கேட்போர் வியப்படையக்கூடும். படமும் இல்லை, நிறமும் இல்லை, ஓசையும் இல்லை. வெறும் எழுத்தினால் மட்டும் ஆடப்பட்ட விளையாட்டு அது.

குகையின் கதையைத் தொடங்குவோர் ஸ்டீபன் பிஷப் என்பவரை விட்டுச் செல்லுதல் நீதியன்று. 1838ஆம் ஆண்டிலே பிராங்கிளின் கோறின் என்னும் வழக்கறிஞர் அக்குகையை வாங்கி, தம்முடைய அடிமையாகிய பிஷப்பை அங்கே வழிகாட்டியாக அமர்த்தினார். பிஷப் அப்போது பதினேழு வயதளவிலான இளைஞர். குகையினுள்ளே 'அடியற்ற குழி' என்று அஞ்சப்பட்ட ஒரு பாதாளம் இருந்தது. அதனைக் கடவாமல் எல்லோரும் திரும்பி வந்தனர். அதே ஆண்டில் பிஷப் அதனைக் கடந்தார். அப்பாற் கிடந்த பாதைகளையும், நிலத்தடி ஆற்றையும், அவ்வாற்றில் வாழும் கண்ணில்லாத மீன்களையும் வெளியுலகம் அறியச் செய்தார். மறு ஆண்டு ஜோன் குரோகன் என்னும் வைத்தியர் குகையை விலைக்கு வாங்கினார். குகையோடு பிஷப்பும் கைமாறினார். 1842இல் லூயிவில் நகருக்கு அருகே இருந்த குரோகனின் தோட்டத்து வீட்டுக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டு, குகையின் படத்தை வரையுமாறு பணிக்கப்பட்டார். குகையோ வெகு தொலைவில் இருந்தது. நினைவொன்றையே துணையாகக் கொண்டு அவர் வரைந்த படம் 1845இல் வெளியான ஒரு நூலோடு சேர்த்து அச்சிடப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் பிஷப் என்ற குறிப்பும் அதில் இடம்பெற்றது. தன் உடலுக்கே உரிமையில்லாத ஒருவரின் பெயர், ஒரு நிலப்பரப்பின் படத்திலே உரிமையோடு பொறிக்கப்பட்டமை அக்காலத்தில் எளிதிற் காணக்கூடிய செய்தியன்று. 1856இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார்.

ஒரு குகையை அறிவது என்பது அதனைப் படத்தில் எழுதுவதேயாகும். வெளியிலே மலையையும் மரத்தையும் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம். உள்ளேயோ விளக்கின் ஒளி விழும் சில அடித் தூரமே உலகம். ஆதலால் குகை ஆராய்ச்சியாளர்கள் திசைகாட்டியும் அளவுநாடாவும் கொண்டு, சேற்றில் ஊர்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் எழுத்தும் எண்ணும் இட்டு, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே செல்வர். 1957இலே தோன்றிய குகை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொண்டர்கள் இந்தப் பணியை ஆண்டுக்கணக்கிற் செய்தனர். மமத் குகைக்கு எதிரே, ஒரு பள்ளத்தாக்கின் மறுபுறத்தில், பிளின்ற் றிட்ஜ் என்னும் மேட்டு நிலத்தின் அடியில் வேறொரு குகைத்தொகுதி இருந்தது. கொலோசல் குகை, பெட்குவில்ற் என்பன அத்தொகுதியின் பகுதிகள். இரண்டு தொகுதிகளும் நிலத்தடியில் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன என்று பலர் நம்பினர். அந்த இடத்தைத்தான் எவராலும் காட்ட முடியவில்லை.

அதனைக் காட்டியவர்களுள் பற்றீசியா குரௌதர் என்னும் பெண்மணியும் ஒருவர். மெலிந்த உடலினரான அவர், 1972ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே, பிறர் நுழைய முடியாத ஓர் இடுக்கினூடே நுழைந்து அப்பால் வழி உண்டென்று கண்டார். பின்னர் அவ்வழியே சென்ற குழுவினர், சுவரிலே ஒருவர் பெயர் கீறப்பட்டிருப்பதையும், அதனருகே ஓர் அம்புக்குறி இருப்பதையும் கண்டனர். அது பீற் ஹான்சன் என்பவரின் பெயர். அவர் முந்திய தலைமுறையிலே மமத் குகையில் வழிகாட்டியாக இருந்தவர். மறுபுறத்திலிருந்து ஒரு மனிதர் முன்னரே அங்கு வந்து போயிருக்கிறார் என்பது அந்தச் சில எழுத்துகளால் விளங்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், ஜோன் வில்கொக்ஸ் என்பவரின் தலைமையில், பற்றீசியா உட்பட ஆறு பேர் மார்பளவு நீரினூடே நடந்து சென்றனர். முன்னே சென்ற வில்கொக்ஸின் விளக்கொளியிலே, உல்லாசப் பயணிகளுக்காக அமைக்கப்பட்ட இரும்புக் கைபிடி தென்பட்டது. அவர்கள் மமத் குகையினுள்ளே, பிஷப் ஆராய்ந்த எக்கோ ஆற்றின் அருகில் நின்றனர். அன்றே அது 144 மைல் நீளமான ஒரே குகையாயிற்று.

பற்றீசியாவின் கணவர் வில் குரௌதரும் மலையேறுதலிலும் குகை ஆராய்தலிலும் ஈடுபாடு மிக்கவர். தொழிலால் அவர் கணினி நிரல் எழுதுபவர். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில், போல்ற் பெறானெக் அன்ட் நியூமன் என்னும் கம்பனியிலே வேலை பார்த்தார். 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பே இக்கால இணையத்தின் மூதாதை. அதன் சந்திகளில் நின்று செய்திகளை வாங்கி அனுப்பிய சிறு கணினிகளுக்கு நிரல் எழுதிய சிலருள் அவரும் ஒருவர். குகையிலிருந்து கொண்டுவந்த சேறு படிந்த குறிப்புகளைக் கணவனும் மனைவியும் வீட்டின் இருப்பறையில் இருந்த தொலையச்சுப் பொறியிலே தட்டி, தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்பனியின் கணினிக்கு அனுப்பினர். குரௌதர் எழுதிய நிரலொன்று அவ்வெண்களைக் கோடுகளாக்கிக் குகையின் படத்தை வரைந்தது. உலகின் மிக நீண்ட குகை இவ்வாறுதான் முதன்முதலிற் கணினியினுள்ளே புகுந்தது.

பின்னர் அக்குடும்பம் பிரிந்தது. இல்வாழ்க்கை முறிந்ததோடு குரௌதரின் குகைப் பயணங்களும் நின்றன. தம் இரு சிறு பெண்மக்களையும் முன்போல் நாள்தோறும் காணும் வாய்ப்பையும் அவர் இழந்தார். 1975ஆம் ஆண்டளவில், வேலை முடிந்த ஓய்வு நேரங்களில், அவர் ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். தாம் செல்ல முடியாத குகைக்குள் மனத்தால் உலாவுவதும், தம்மைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு விளையாட ஏதேனும் கொடுப்பதுமே நோக்கம் என்று அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். கணினி என்றால் அஞ்சுபவர்களும் ஆடக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்றும் அவர் எண்ணினார். அக்காலத்திலே அவரும் நண்பர்களும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிறாகன்ஸ்' என்னும் கற்பனை விளையாட்டை மேசையைச் சுற்றியிருந்து ஆடி வந்தனர். அது 1974இல் வெளியானது. ஒருவர் இடத்தை வருணிப்பார்; மற்றவர் தாம் என்ன செய்வதாகச் சொல்வார்; அதன் விளைவை முதல்வர் கூறுவார். அந்த முதல்வரின் இடத்திலே குரௌதர் கணினியை அமர்த்தினார்.

கணினியோடு எழுத்தால் உரையாடுதல் அப்போது முற்றிலும் புதியதன்று. 1960களின் நடுவிலே ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 'எலைசா' என்ற நிரலை எழுதி, உளநோய் வைத்தியர் போன்று கணினியைப் பேசவைத்தார். 1973இல் கிறெகறி யொப் எழுதிய 'ஹன்ற் த வம்பஸ்' என்ற விளையாட்டு, இருபது அறைகளைக் கொண்ட குகையொன்றில் ஒரு விலங்கைத் தேடி எய்ய வைத்தது. ஆனால் அந்த இருபது அறைகளும் எண்களேயன்றி இடங்கள் அல்ல. நடப்பவனின் காலுக்கடியில் கல் இருப்பதை அவ்விளையாட்டு உணர்த்தவில்லை.

குரௌதரின் விளையாட்டிலே கல் இருந்தது. ஆடுபவர் ஒரு சாலையின் முடிவில், காட்டின் நடுவே, சிறு செங்கற் கட்டடம் ஒன்றின் முன் நிற்கிறார். கட்டடத்திலிருந்து நீரோடை ஒன்று கீழ்நோக்கிப் பாய்கின்றது. அதன் வழியே சென்றால் நிலத்திலே இரும்புக் கம்பிக் கதவு, அது பூட்டியிருக்கும். கட்டடத்தில் உள்ள சாவியையும் விளக்கையும் எடுத்து வந்தவரே உள்ளே இறங்கலாம். இவை யாவும் ஒரு தாளில் அச்சாகும் சில வரிகள். ஆடுபவர் 'விளக்கை எடு', 'கிழக்கே போ' என்பனபோன்று ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களைத் தட்டுவார். பொறி மறுமொழியை அச்சிடும். வானொலி நாடகத்திலே கதவு திறக்கும் ஓசை கேட்டதும் வீடு முழுவதையும் மனத்திற் கட்டிக்கொள்ளும் நேயர்களுக்கு, இதில் என்ன இன்பம் என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு பறவை உண்டு. கையிற் கோல் இருந்தால் அது அஞ்சிப் பறந்து அகப்படாது. வழிமறிக்கும் பாம்பு உண்டு. அதனைத் துரத்துவது அந்தச் சிறு பறவையே. கோடரி எறியும் குள்ளன் உண்டு. பொருளற்ற ஒரு மந்திரச் சொல்லும் உண்டு. எக்ஸ், வை, இசெட், இசெட், வை என்ற ஐந்தெழுத்துகளைத் தட்டினால், குகையின் உள்ளிருந்து கட்டடத்துக்கு ஒரு கணத்தில் வந்து சேரலாம். பிள்ளைகள் இதனை மிக விரும்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

போர்ட்ரான் என்னும் கணினி மொழியிலே சுமார் 700 வரிகளில் நிரலும், ஏறக்குறைய அதேயளவு வரிகளில் தரவும் எழுதப்பட்டன. நிரல் அறிந்த சொற்கள் 193. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். எந்த இடத்திலிருந்து எந்தச் சொல்லால் எந்த இடத்துக்குச் செல்லலாம் என்பதற்கு ஓர் அட்டவணை. நில அளவையாளரின் குறிப்புப் புத்தகமும் இந்த அட்டவணையும் உருவத்தில் உடன்பிறப்புகள் என்றே சொல்லவேண்டும். அது ஓடிய பீ.டீ.பீ. 10 என்னும் கணினியின் நினைவகத்தில் ஓர் அறைக்குள் ஐந்தெழுத்துகளே அடங்கின. ஆகவே எந்தச் சொல்லாயினும் அதன் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நிரல் படித்தது. இதனால் ஆங்கிலத்தில் வடக்கு என்பதும் வடகிழக்கு என்பதும் அதற்கு ஒன்றாகவே தோன்றின. வடகிழக்கை இரண்டெழுத்துச் சுருக்கத்தால் எழுதவேண்டியதாயிற்று.

விளையாட்டிலே இடங்களுக்கு இட்ட பெயர்களுட் பல மெய்யானவை. பெட்குவில்ற் உண்மையான இடம். இரு குழி அறையும் உண்மையானதே. ஓர் அறையின் சுவரில் 'வை 2' என்ற குறி காணப்படும். புதிதாக ஆடுபவர் அதனை மாயக் குறி என்று எண்ணி மயங்குவார். உண்மையில் அது நில அளவையாளர் இட்ட இலக்கக் குறி.

ஒரு பகுதியிலே ஆடுபவர் ஒரே மாதிரியான சிறு வழிகளின் சுழலில் அகப்பட்டுக்கொள்வார். எந்த அறையின் வருணனையும் மற்றதினின்று வேறுபடாது. கிழக்கே சென்றவர் மேற்கே திரும்பினால் வந்த இடத்தை அடைவார் என்பதும் இல்லை. தப்புவதற்கு ஒரே வழி, கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, அவற்றை அடையாளமாகக் கொண்டு தாளிலே படம் வரைவதுதான். வீட்டிலும் அலுவலகத்திலும் வசதியாக அமர்ந்திருந்தோர், தாமறியாமலே, பிஷப்பும் பற்றீசியாவும் இருளிற் செய்த வேலையைச் செய்தனர். இவ்விளையாட்டின் கவர்ச்சிக்குப் பூதங்களையும் புதையல்களையும் காரணமாகச் சொல்வோர் பலர். அவை எந்தக் கதையிலும் கிடைக்கும். அறியாத இடமொன்றைத் தன் கையால் வரைந்து அறியும் மகிழ்ச்சி அப்போது வேறெந்த விளையாட்டிலும் கிடைக்கவில்லை.

குரௌதர் அதனைக் கம்பனிக் கணினியிலே விட்டுவிட்டு வேறு வேலைக்குச் சென்றார். அது வலையமைப்பு வழியாகப் பிரதி பிரதியாகப் பரவிற்று. கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராக இருந்த டொன் வூட்ஸ் என்பவர் அதன் பிரதியொன்றைக் கண்டார். திருத்தி விரிவாக்க அவருக்கு ஆசை. எழுதியவர் குரௌதர் என்ற பெயர் மட்டுமே தெரிந்தது; அவர் எங்கிருக்கிறார் என்பது தெரியவில்லை. வலையமைப்பில் இணைந்திருந்த ஒவ்வொரு கணினிக்கும், குரௌதர் என்னும் பெயரிட்டு, வூட்ஸ் ஒரு மடல் அனுப்பினார். அன்றைய வலையமைப்பு அவ்வளவு சிறியது. மடல் உரியவரை அடைந்தது. அவர் மூல நிரலை மகிழ்ச்சியோடு கொடுத்தார். இக்காலத்தில் இத்தகைய வேண்டுகோளுக்கு மறுமொழி எழுதுபவர் பெரும்பாலும் சட்டத்தரணியாகவே இருப்பார்.

வூட்ஸ் 1977இல் வெளியிட்ட வடிவமே உலகெங்கும் பரவியது. பாலத்திற் கூலி கேட்கும் பூதம், கரடி, எரிமலை, புதையலைக் களவாடும் கடற்கொள்ளையன் ஆகியவற்றை அவர் சேர்த்தார். விளக்கு 330 அடிகளுக்கே எரியும் என்று வரையறுத்தார். முழு வெற்றிக்கு 350 புள்ளிகள் வகுத்தார். வேலைத்தலங்களில் இவ்விளையாட்டு வந்து சேர்ந்ததும் இரண்டு வாரம் வேலை நின்றுவிடும் என்று வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு. 349 புள்ளிகள் பெற்றவர்கள் கடைசி ஒரு புள்ளி எங்கே என்று தலையைப் பிய்த்துக்கொண்டனர். குகையில் கிடக்கும் ஒரு சஞ்சிகையை 'விற்ஸ் எண்ட்' என்ற இடத்திற் கொண்டுபோய்ப் போட்டால்தான் அது கிடைக்கும். மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து இளைஞர் ஒருவர் ஆடிக் கண்டுபிடிக்க முடியாமல், நிரலின் உள்ளுறுப்புகளையே பிரித்துப் பார்த்து அதனைக் கண்டார்.

அவரும் நண்பர் மூவரும், இதனினும் சிறந்ததைத் தம்மால் ஆக்க முடியும் என்று கருதி, 1977இலேயே 'சோர்க்' என்பதை எழுதத் தொடங்கினர். இரண்டு சொற்களோடு நில்லாமல் முழு வாக்கியத்தையே அவர்களது நிரல் விளங்கிக்கொண்டது. விளக்கின்றி நடப்பவர் குழியில் விழுந்து மடிவார் என்பது குரௌதர் வகுத்த விதி. சோர்க்கிலும் முதலில் அதுவே இருந்தது. ஆனால் வீட்டின் மேல்மாடத்து இருளில் நின்றவரும் அடியற்ற குழியில் விழுகிறாரே என்று ஒருவர் சுட்டிக்காட்டவே, இருளில் வாழும் 'குறு' என்ற கற்பனை விலங்கு குழிகளுக்குப் பதிலாகப் புகுத்தப்பட்டது. இக்குழுவினருட் சிலர் பிறரோடு சேர்ந்து 1979இல் இன்போகொம் என்னும் கம்பனியை நிறுவி, பெருங்கணினிக்கு எழுதிய விளையாட்டை மூன்றாகப் பிரித்து வீட்டுக் கணினிகளில் விற்றனர். அதற்கு முந்திய ஆண்டே ஸ்கொற் அடம்ஸ் என்பவர் மிகச் சிறிய நினைவகம் கொண்ட வீட்டுக் கணினிக்குள் இத்தகைய விளையாட்டொன்றை அடக்கிக் காட்டியிருந்தார். வீட்டிலிருந்து குகை விளையாட்டை ஆடி அதில் மூழ்கிய றொபேற்றா வில்லியம்ஸ் என்னும் பெண்மணி, 1980இல், எழுத்தோடு கோட்டுப் படத்தையும் சேர்த்து 'மிஸ்ரரி ஹவுஸ்' என்பதை வெளியிட்டார். படம் வந்தபின் எழுத்துக்குச் சந்தையில் இடம் குறைந்துகொண்டே போயிற்று. இன்போகொம் 1986இலே வேறொரு கம்பனியின் கைக்கு மாறி, 1989இல் மூடப்பட்டது. எழுத்து விளையாட்டுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. ஊதியம் கருதாமல் அவற்றை எழுதும் ஆர்வலர்கள் 1995 முதல் ஆண்டுதோறும் போட்டி நடத்தி வருகின்றனர்.

இவ்வளவுக்கும் ஊற்றாகிய குரௌதரின் முதல் நிரல் மட்டும் தொலைந்துபோயிற்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எது குரௌதருடையது, எது வூட்ஸினுடையது என்று பிரித்தறிய வழியில்லாமையால், குகையோடு விளையாட்டுக்கு உள்ள உறவையும் பலர் வெறும் பேச்சு என்று எண்ணினர். டெனிஸ் ஜேர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இதனைத் தேடினார். வூட்ஸ் மாணவராயிருந்த காலத்தில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் சேமித்து வைக்கப்பட்ட கோப்புகளினிடையே மூல நிரல் கிடைத்தது. அதனைக் கையில் வைத்துக்கொண்டும், குகைக்குள்ளே இறங்கிப் பார்த்தும், 2007இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். குள்ளனையும் மந்திரச் சொல்லையும் குரௌதரே எழுதியிருந்தார் என்பதும், அறைகளிற் பெரும்பாலானவை உள்ளவாறே வருணிக்கப்பட்டன என்பதும் அதனால் உறுதியாயின.

குகை ஆராய்ச்சியாளரிடையே இதற்கு முன்பே வேறொரு சான்று இருந்தது. அளவைப் பணிக்காகப் பெட்குவில்ற்றுக்குள் சென்ற ஒரு குழுவிலே, அங்கு ஒருபோதும் வந்திராத இளம்பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். அவள் அந்த விளையாட்டை ஆடி ஆடி வழி முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவள். பல துவாரங்கள் பிரியும் ஓர் அறையை அடைந்ததும், உடன் வந்தவர் அதுவரை சென்றறியாத ஒரு திசையிலே அவள் விரைந்து மறைந்தாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, விற்ஸ் எண்ட்டைப் பார்க்கப் போனதாகவும், தான் நினைத்திருந்தவாறே அது இருப்பதாகவும் சொன்னாள். பணி முடிந்தபின், வெளியேறும் வழியை அவளே காட்டட்டும் என்று மற்றவர்கள் பின்னே நடந்தனர். ஒரு திருப்பத்திலும் தவறாமல் அவள் அவர்களை வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.